இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு கோட்டை

"வார இறுதியில் எங்கே ஓடப் போவீர்கள்?" என்று காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன். எனக்கு ஃபேரர் பார்க் திடல்தான் என்றும் சொல்லிவைத்தேன். உடனே ஒரு பெரியவர் அழைத்தார்.

"தம்பி, நீங்க ஓடுற அந்தப் புல்லுலதான் 1942ல எங்கப்பா உட்கார்ந்திருந்தாரு. அதைப் பத்தி அவரு வாயே திறந்ததில்ல."

பாட்டுப் போடும் நேரம் வந்துவிட்டது. போட்டேன். ஆனால் அந்தக் குரல் மனத்தைவிட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிறு ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினேன். லிட்டில் இந்தியா, அடுத்தது தோபி காட். இரண்டே நிறுத்தம். இறங்கி நடந்தால் ஃபோர்ட் கெனிங் பூங்கா.

அங்கே 1859ல் தொடங்கி 1861ல் கோட்டை கட்டி முடித்தார்கள். இந்தியாவில் 1857 கிளர்ச்சியின்போது தலைமை ஆளுநராக இருந்த கெனிங் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். துறைமுகத்தைக் காக்க மட்டுமல்ல, ஊரில் கலகம் வந்தால் ஐரோப்பியர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. எதிரி கோட்டையைக் குறிவைத்தால் குண்டு ஊருக்குள் விழுமே என்ற குறையும் இருந்தது. 1920களில் நீர்த்தேக்கத்துக்காகக் கோட்டையின் பெரும்பகுதியை இடித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை வாயிலும் கொஞ்சம் சுவரும் மண்மேடும்தான்.

அதே மலைக்கு அடியில் இருக்கிறது 'பேட்டல்பாக்ஸ்' என்ற நிலவறைத் தலைமையகம். 1942 பிப்ரவரி 15 காலை, சரணடைவது என்று ஜெனரல் பெர்சிவல் முடிவெடுத்தது அங்கேதான். மாலையில் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் கையெழுத்தானது.

இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, இந்தியச் சிப்பாய்களை மட்டும் பிரித்து ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். சுமார் 45,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முன்பு குதிரைப் பந்தயம் நடந்த திடல் அது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் வந்ததும் அதனால்தான். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். இந்திய விடுதலைக்குப் போராட வாருங்கள் என்று கேப்டன் மோகன் சிங் அழைத்தார். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். எடுத்த உறுதிமொழியை மீற மாட்டோம் என்று பலர் மறுத்துக் கைதிகளாகவே இருந்தார்கள்.

1857ன் நிழலில் கட்டிய கோட்டை. அதன் அடியில் எடுத்த முடிவுதான், இந்தியச் சிப்பாய்களை மறுபடியும் அதே கேள்வியின் முன் நிறுத்தியது.

மலைக்குச் சுவரும் வாயிலும் இருக்கின்றன. திடலில் இருந்ததோ புல்தான். அந்த வட்டாரத்தில் சுமார் 1,600 வீவக வீடுகள் கட்டும் திட்டம் 2021ல் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அங்கே குடியேறும் பிள்ளைகளுக்கு அந்த மண்ணின் கதையை யார் சொல்வது?

பெரியவரைத் திரும்ப அழைத்தேன். "ஐயா, அப்பா ஐஎன்ஏயில் சேர்ந்தாரா, மறுத்தாரா?"

"தெரியாது தம்பி. கேட்கப் பயமா இருந்துச்சு. தைரியம் வந்தப்ப அவரு இல்ல."

நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வாரம் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்களேன்.