மனைவிக்கு உழைக்கும் உரிமை

கல்யாணமான பெண் ஒருத்தி தன் கல்வியையும் தன் கைகளையும் கொண்டு ஜீவிக்க விரும்பினால் அதற்கு யாருடைய உத்தரவு வேண்டும்? கணவனுடைய உத்தரவு வேண்டும் என்று சொல்லிவந்த காலம் நம் நாட்டில் மெல்ல மெல்லக் கழிந்து வருகிறது. ஆனால் கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்லும் நமது பெண்களில் ஒரு பெரும் பகுதியாருக்கு வேறொரு எஜமானன் இருக்கிறான். கணவன் மனமார இசைந்தாலும், மாமனார் மாமியார் மகிழ்ந்தாலும், வேலை கொடுக்கும் முதலாளி வாயிலில் காத்து நின்றாலும், அந்நாட்டுச் சர்க்கார் வழங்கும் வேலை அநுமதிச் சீட்டு கையில் இல்லாத வரையில் அவள் ஒரு காசும் சம்பாதிக்கலாகாது. அந்தச் சீட்டு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பவற்றை நமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தன் எல்லைக்குள் யாரை அநுமதிப்பது, யாரை அநுமதியாமல் விடுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒவ்வொரு சுதந்திர நாட்டுக்கும் உண்டு. இந்தியாவுக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டுமென்று போராடிய நாம், அமெரிக்காவுக்கு அது கூடாதென்று சொல்வது நியாயமாகாது. ஆயின், ஒரு மனிதனுடைய உழைப்பு தனக்குத் தேவை என்று அழைத்து, அவனுடைய மனைவியையும் மனைவியென்றே ஒப்புக்கொண்டு உள்ளே விட்ட பிறகு, "நீ இங்கே மூச்சு விடலாம், உழைக்கக் கூடாது" என்று அவளுக்குச் சொல்வது வேறு விஷயம். அது எல்லையைக் காக்கும் காரியமன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரைக்குள் புகுந்து அதிகாரம் செலுத்தும் காரியம்.

அமெரிக்கச் சட்டத்தில் மணம் ஒன்றே. மனைவியர்தாம் பல ஜாதி. அமெரிக்கப் பிரஜையை மணந்தவள் தன் ஊரிலிருந்தே குடியேற்ற விசா பெற்றுச் சென்றால், விமானத்தை விட்டு இறங்கிய நாள் முதல் வேலை பார்க்கலாம். அதே பிரஜையை மணக்கப்போகும் பெண் நிச்சயதார்த்த விசாவில் சென்றால், 90 நாட்களுக்குள் மணம் முடித்து, நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பித்து, அதனோடு வேலைச் சீட்டுக்கும் மனுப் போட்டு, அது வரும் வரையில் மாதக் கணக்கில் கை கட்டிக் காத்திருக்க வேண்டும். மணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவளுக்கு, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதலில் இரண்டு ஆண்டுக்கு நிபந்தனையோடு கூடிய வாச உரிமையே கிடைக்கிறது. அந்த நிபந்தனையை நீக்கக் கணவனும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது பொது விதி. பொய்க் கல்யாணங்களைத் தடுப்பதற்காக ஏற்பட்டது இது என்பதை நாம் மறுக்கவில்லை.

இனி, ஒரு கம்பெனி தன் அயல்நாட்டுக் கிளையிலிருந்து மாற்றி அழைத்துக்கொண்ட உத்தியோகஸ்தனின் மனைவி எல்-2 விசாவில் செல்கிறாள். அவளுக்கு வேலை செய்யும் உரிமையை 2002-ல் அமெரிக்கச் சட்டசபையே சட்டமாக்கிக் கொடுத்தது. 2021 நவம்பரில் ஒரு வழக்கு சமரசமானபோது, அவளுக்குத் தனிச் சீட்டும் வேண்டியதில்லை, விசா நிலையே போதும் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே கணவன், அதே படிப்போடு, அதே ஊரில், அதே வேலைக்கு எச்-1பி விசாவில் சென்றிருந்தால் அவன் மனைவி எச்-4 ஆகிறாள். அவளுக்கு அந்த உரிமை கிடையாது. பெண்ணின் தகுதியில் பேதமில்லை, மணத்தில் பேதமில்லை. கணவனுடைய விசாவின் எழுத்தில்தான் பேதம். இதற்கு நியாயம் என்னவென்று கேட்டால், இதுவரை திருப்தியான விடை சொன்னார் ஒருவரையும் நாம் காணோம்.

எச்-1பி என்பது ஆறு ஆண்டுக்கு மட்டும் ஏற்பட்ட தாற்காலிக விசா. தாற்காலிகமாகப் போகிறவனின் மனைவி சில காலம் வீட்டில் இருந்தால் என்ன என்று 1990-ல் நினைத்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டுச் சட்டம்தான், உத்தியோகத்தின் பேரில் நிரந்தர வாசம் பெறுவோர் தொகையை ஆண்டுக்குச் சுமார் 1,40,000 என்றும், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக நூற்றுக்கு 7-க்கு மேல் போகலாகாது என்றும் வரையறுத்தது. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7! இதன் விளைவாக இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. வரிசையில் நிற்பவர்கள் ஆறு ஆண்டுக்குப் பின்னும் எச்-1பி-யை நீட்டித்துக்கொள்ள 2000-ல் ஒரு சட்டம் இடம் தந்தது. கணவனுடைய வேலை நீண்டது, மனைவியின் வேலையின்மையும் கூடவே நீண்டது. கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ எஞ்சினீயரிங் பட்டம் பெற்றுச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதில் மணமாகிச் சென்று, முப்பத்தைந்து வயது வரை தன் பெயரில் ஒரு சம்பளச் சீட்டும் இல்லாமல் இருந்தால், பிறகு அவளுடைய பட்டத்தை யார் மதிப்பார்கள்?

சரித்திரம் அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பழைய வாடை தெரியும். பகத் சிங் திண்ட் என்னும் இந்தியரின் வழக்கில் 1923-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, இந்தியர் பிரஜையாகத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமோ, பிரஜையாகத் தகுதியற்ற அந்நியனை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையையே இழப்பாள் என்றது. இந்த இரண்டும் சேர்ந்ததால், இந்தியனைக் கைப்பிடித்த அமெரிக்கப் பெண் சொந்த நாட்டிலேயே அந்நியளானாள். 1931-ல்தான் அந்த அநீதி நீங்கிற்று. இந்தியரும் பிரஜையாகலாம் என்று 1946-ல் ஒப்புக்கொண்டபோது ஆண்டுக்கு 100 பேர் என்று அளந்து கொடுத்தார்கள். அன்று இனத்தைப் பார்த்தார்கள். இன்று பிறந்த நாட்டைப் பார்த்து எண்ணுகிறார்கள். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும், ஆண்மகனுக்குச் சட்டம் இடும் முத்திரை அவனை மணந்தவள் நெற்றியிலும் விழுகிறது.

இந்த நிலைமையைச் சிறிது தளர்த்தியது 2015 மே 26-ல் அமலுக்கு வந்த விதி. கணவனுடைய கிரீன் கார்டு மனு முதற்படியில் அங்கீகரிக்கப்பட்டிருந்தாலோ, அவன் ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டிப்புப் பெற்றிருந்தாலோ, எச்-4 மனைவி வேலைச் சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது கூறிற்று. முதல் ஆண்டில் 1,79,600 பேர் வரை தகுதி பெறக்கூடும் என்று சர்க்கார் மதிப்பிட்டது. சீட்டுப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவில் பிறந்தவர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே இது நம்மவர் விஷயம் என்பதில் ஐயமில்லை.

விதி அமலாகுமுன்னரே அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்கள். தொடர்ந்தவர்கள் கலிபோர்னியாவில் ஒரு மின்சாரக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, எச்-1பி ஆட்கள் வந்ததனால் வேலை இழந்தவர்கள். அவர்களுடைய துன்பம் மெய்யானது. அதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். மலிவான கூலிக்கு ஆள் கொண்டுவந்து உள்ளூர்த் தொழிலாளியை வெளியேற்றும் முதலாளியின் தந்திரம் எந்த நாட்டில் நடந்தாலும் கண்டிக்கத் தக்கதே. ஆனால் அந்தக் குற்றத்துக்கு எச்-4 பெண் எப்படிப் பொறுப்பாவாள்? எச்-1பி ஊழியன் ஒரு முதலாளியோடு கட்டுண்டவன். வேலை போனால் அவன் அந்நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். ஆதலால் அவனை அடக்கி வைக்க இயலும். சீட்டுப் பெற்ற மனைவியோ எந்த முதலாளியிடமும் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். நியாயமான கூலி கேட்கும் துணிவு அவளுக்கு உண்டு. கட்டுண்ட உழைப்புத்தான் கூலியைக் கெடுக்குமேயன்றிச் சுதந்திர உழைப்பு கெடுக்காது. இதைத் தொழிலாளர் நலம் நாடுவோர் சிந்திக்க வேண்டும்.

அந்த வழக்கு 2016-ல் தள்ளப்பட்டது, 2019-ல் மீண்டும் உயிர் பெற்றது, 2023-ல் கீழ்க் கோர்ட்டும் 2024 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட்டும் விதி செல்லும் என்றன. 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. இதைக் கேட்டு நம்மவர் வெற்றி முரசு கொட்டினர். நாம் அவ்வளவு நிம்மதி அடையவில்லை. கோர்ட்டு காப்பாற்றியது ஓர் இலாகாவின் விதியை. சட்டசபை செய்த சட்டத்தையன்று. இலாகா செய்த விதியை இலாகாவே உரிய முறைப்படி அழிக்கலாம். அழிக்கப்போவதாக 2017-ல் அறிவித்து, மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கலக்கத்தில் வைத்து, 2021 ஜனவரியில்தான் அந்த யோசனையைத் திரும்பப் பெற்றார்கள்.

விதியை அழிக்காமலே அதன் பயனைக் குறைக்கவும் வழியுண்டு. சீட்டைப் புதுப்பிக்க உரிய காலத்தில் மனுப் போட்டவர்கள், முடிவு வரும் வரையில் 540 நாட்கள் வரை பழைய சீட்டைக் கொண்டே வேலை பார்க்கச் சலுகை இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் மனுக்களுக்கு அந்தச் சலுகை ரத்து. காலாவதியாகும் நாளுக்கு 180 நாள் முன்னரே மனுப் போடலாம் என்கிறார்கள். மனுவைப் பார்ப்பதற்குச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் காலம் அதற்கு மேற்பட்டால், குற்றம் சர்க்காருடையது, தண்டனை பெண்ணுடையது. அன்று மாலை வரை ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ பொறுப்பான பதவியில் இருந்தவள் மறுநாள் காலை வீட்டில் உட்கார வேண்டும்.

இவ்விஷயத்தில் பணம் மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. எச்-4 பெண் அந்நாட்டில் இருப்பதே கணவனைப் பற்றிக்கொண்டுதான். அவன் வேலை இழந்தால் அவள் நிலையும் போம். விவாகரத்தானால் அவள் நிலை அன்றே முடிந்தது. நல்ல கணவன் கையில் இது ஒரு சங்கடம். கெட்ட கணவன் கையில் இது ஒரு சாட்டை. அடித்தாலும் வைதாலும் போக்கிடமில்லாத பெண், தாய்வீட்டுக்கு விமானச் சீட்டு வாங்கவும் அவனிடமே கை நீட்ட வேண்டியவளாகிறாள். கொடுமைக்குள்ளான இத்தகைய மனைவியர் தனியே வேலைச் சீட்டுப் பெற 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தந்தது. ஆனால் அதற்கான படிவம் வெளியாகி மனுக்கள் பெறத் தொடங்கியது 2017-ல்தான். இப்படி ஒரு வழி உண்டென்பதை நம் பெண்களில் எத்தனை பேர் அறிவர்? சீர்வரிசைப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் பெற்றோர் இதையும் தெரிந்துகொண்டு மகளை அனுப்பினால் புண்ணியமுண்டு.

மனைவிக்கு உரிமை கொடுத்தால் நாடு கெட்டுவிடும் என்பது வீண் பயம். தொழில் தேர்ச்சி பெற்றவனோடு சட்டப்படி வந்து சேர்ந்த மனைவி வேலை செய்வதைப் பிரிட்டனும் ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும் தடுப்பதில்லை. அந்நாடுகளிலும் குடியேற்றத்தைப் பற்றிக் கடுமையான சச்சரவுகள் உண்டு. ஆயினும் உள்ளே வந்துவிட்ட மனைவியை ஊமையாக வைத்திருப்பதால் பயன் ஒன்றுமில்லை என்பதை அவை கண்டுகொண்டன.

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது முறை. இந்தியரை மணந்த அயல்நாட்டார், மணத்தைப் பதிவு செய்து, அது இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்த பின்னரே ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நமது சட்டம். பாகிஸ்தான், வங்காள தேசம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்க்கு அதுவும் இல்லை. வாஷிங்டனில் நியாயம் கேட்கும் நாம் டில்லியிலும் அதே நியாயத்தைக் கேட்க வேண்டாமா? தராசு ஒன்றாயிருந்தால்தான் நம் வார்த்தைக்கு எடை உண்டு.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, எல்-2 மனைவிக்கு 2002-ல் செய்ததையே எச்-4 மனைவிக்கும் அமெரிக்கச் சட்டசபை சட்டமாகச் செய்ய வேண்டும். அங்கே வோட்டுரிமை பெற்றுள்ள நம்மவர்கள் கோயில் கட்டுவதிலும் விழா எடுப்பதிலும் காட்டும் உற்சாகத்தில் பாதியையாவது இதற்குக் காட்டித் தங்கள் தொகுதிப் பிரதிநிதிகளை நெருக்க வேண்டும். இரண்டாவது, வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி அமெரிக்காவோடு பேசும் இந்திய சர்க்கார், கம்பெனிகளின் வசதியைப் பேசும் மேஜையில் இப்பெண்களின் உரிமையையும் வைக்க வேண்டும். மூன்றாவது, மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் பெற்றோர், அவனுடைய விசா எது, கிரீன் கார்டு மனு எந்தப் படியில் இருக்கிறது, தம் மகள் எப்பொழுது வேலைக்குப் போகலாம் என்பவற்றையும் கூச்சமின்றி விசாரிக்க வேண்டும்.

உழைக்காதே என்று ஒருவரைத் தடுப்பது, அவரை வாழாதே என்று தடுப்பதற்கு அடுத்த படி. மாலையிட்ட குற்றத்துக்காக அந்தத் தண்டனையை எந்தப் பெண்ணும் அநுபவிக்க வேண்டியதில்லை என்பது எமது துணிபு.