இவ்வளவு நாளா எங்கே போயிருந்தீங்க?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவக்காலத்தில் இருந்து நான் மறுபடியும் ஞாயிறு பூசைக்குப் போகிறேன். 2001-க்குப் பிறகு இப்போதுதான். நான் கோயிலுக்குப் போகாதது உறவுகளுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

சாமி மேல் சந்தேகம் வந்து நின்றவன் இல்லை நான். அப்பா சொந்த ஊரில் இருந்தார், நான் இங்கே வேடசந்தூரில் வேலையில் இருந்தேன். அவர் இறந்த அன்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யப் போனால், சந்தா நோட்டை எடுத்து வைத்து, "ஆறு வருஷப் பாக்கி இருக்கு, அதை முடிச்சுட்டுப் பேசலாம்" என்றார்கள். எந்த ஊர், யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பெரிய தொகையும் இல்லை. கட்டினேன், ரசீது வாங்கினேன், அப்பாவை அடக்கம் செய்தேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. இனிமேல் போவதில்லை என்று ஒருநாளும் முடிவு எடுக்கவில்லை. அப்படியே நின்றுபோனது.

வீட்டம்மா மட்டும் ஒரு ஞாயிறும் விடவில்லை. நான் வண்டியில் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடுவேன். பூசை முடியும் வரை டீக்கடையில் பேப்பர் படிப்பேன். 2003-ல் திருச்சி மறைமாவட்டத்தில் இருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆன செய்தியைக்கூட நான் பேப்பரில்தான் படித்தேன்.

இந்த வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். படி ஏறக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதனால் உள்ளே போனேன். மனம் திரும்பிய பெரிய கதை எதுவும் என்னிடம் இல்லை.

வாசலிலேயே தெரிந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இவ்வளவு நாளா எங்கே போயிருந்தீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டம்மாவின் கை என் கையில் இல்லாவிட்டால், அந்த நிமிஷமே டீக்கடைக்குத் திரும்பியிருப்பேன்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மக்கள் சொல்லும் பதிலுரைகளில் சில மாறியிருந்தன. நான் மட்டும் பழையதைச் சொல்லித் தடுமாறினேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம் விட்டு, புத்தகத்தில் பக்கத்தை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். அடுத்த ஞாயிறும் நான் போனதற்குக் காரணம் அந்த அம்மாதான்.

இனி சொல்லப்போவதுதான் உங்களுக்கு, முக்கியமாக மாணவர்களுக்கு.

வாசலில் கேட்ட அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. அது என்னுடைய வாக்கியம். கடலை எடுப்புக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வகுப்பு வாசலில் வந்து நின்ற பையன்களிடம் நான் சொன்னது அதுதான். "வாங்க கலெக்டர் சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" வகுப்பே சிரிக்கும். எனக்கும் அது பெருமையாக இருந்தது. அப்படிச் சிரிப்புக்கு நடுவே உள்ளே வந்த ஒரு பையன், மறுநாளில் இருந்து வரவே இல்லை. மில்லுக்குப் போய்விட்டான் என்றார்கள். நாள்கள் கூடியதும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளிப் பதிவேட்டில் பெயரை அடிக்கலாம். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. உறுதிபூசுதல், திருமணம் என்று பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு சேர்ப்பார்கள். வராமல் போனவன் என்று பெயரை அடிப்பதில்லை. அப்பா அடக்கத்தில் நடந்ததும் திருச்சபை சொல்லிக்கொடுத்தது இல்லை. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1181-ஆம் எண் சட்டம், அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடக்கக் கூடாது, ஏழைக்குத் தகுந்த அடக்கம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. இதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை உள்ளேயே இருந்திருப்பேன். பேசாமல் வெளியேறியது என் தப்பு. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஒருவர் கோட்டயம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர். ஐம்பது நாள் பெரிய நோன்பு தொடங்கும் திங்கட்கிழமை அவர்கள் கோயிலில் 'சுப்கோனோ' என்று ஒரு வழிபாடு உண்டு என்பார். சிரியாக் மொழிச் சொல், மன்னிப்பு என்று அர்த்தம். அன்றைக்குப் பாதிரியாரும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். பாதிரியார் சபையிடம் கேட்பார், மாமியார் மருமகளிடம் கேட்பார். அந்தச் சபையும் சண்டை இல்லாத சபை இல்லை. யாக்கோபாயக்காரர்களோடு நடந்த வழக்கு 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது ஊருக்கே தெரியும். ஆனாலும் கோயிலே முதலில் மன்னிப்புக் கேட்கும் அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாம் திரும்பி வருகிறவனிடம் மட்டும்தான் மன்னிப்பை எதிர்பார்க்கிறோம். அவன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், சரிதான். நானும் செய்தேன். சாமியார் எத்தனை வருஷம் என்று கேட்டார், சொன்னேன், "நல்லது, வந்துட்டீங்க" என்றார். ஆனால் அவன் ஏன் போனான் என்று நம்மில் யார் போய்க் கேட்டோம்? என் கருத்து இதுதான்: போனவனைத் தேடிப் போய்க் கேட்க வேண்டிய கேள்வியை, அவன் திரும்பி வந்த பிறகு வாசலில் வைத்துக் கேட்கக் கூடாது. வந்தவனுக்கு இடம் விட்டால் போதும்.

கோயில் மட்டும் இல்லை. பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வராத பெண் பிள்ளை, யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லுங்கள். காரணத்தை அவர்களே சொல்லுவார்கள், சொல்லாமலும் போகட்டும்.

கடலை எடுப்புக்குப் போன அந்தப் பையனின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அவன் அனுமதி இல்லாமல் இங்கே எழுத மாட்டேன். அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு யாரென்று புரியும். அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்,
வேடசந்தூர்.