படகை அளப்பதா, ஆளை அளப்பதா?

ஒரே வகைப் படகுகள் பத்து ஒருங்கே பாய் விரித்துப் புறப்படுமாயின், முதலில் கோட்டைக் கடந்தவரே வென்றவர். அங்கே வழக்குக்கு இடமில்லை. பாய்ப்படகுக் கழகங்களின் வார இறுதிப் பந்தயமோ அத்தகையதன்று. சிறுவர் செலுத்தும் ஆப்டிமிஸ்டும், இன்று ஐ.எல்.சி.ஏ. எனப் பெயர் மாறியுள்ள லேசரும், இருவர் ஏறும் படகும் ஒரே நீரில் ஓடுகின்றன. இவற்றுள் வென்றது எது எனத் தீர்க்கவே நேரத்தை ஈடுசெய்யும் ‘ஹேண்டிகேப்’ முறை தோன்றியது. அம்முறையை நான் பழிக்கவில்லை. அதனைக் கையாள்வோர் செய்யும் தவறுகளையே பழிக்கிறேன்.

பெரிதும் வழங்குவது போர்ட்ஸ்மத் எண்முறை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரை அடுத்த லாங்ஸ்டன் துறைமுகத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான முறை அது. படகு ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, அப்படகு வகைக்குரிய எண்ணால் வகுக்க வேண்டும். லேசரின் எண் ஏறத்தாழ 1100. ஆப்டிமிஸ்டின் எண் 1640 அளவில் வரும். லேசர் 44 நிமிடத்தில் ஓடி முடித்தால் திருத்திய நேரம் 40 நிமிடம். ஆப்டிமிஸ்ட் 64 நிமிடம் எடுத்தாலும் திருத்திய நேரம் 39 நிமிடம் 1 விநாடியே. இருபது நிமிடம் பின்தங்கி வந்த சிறுவனே வென்றவன்! கணக்கு எளிது, கருத்தும் நேரியது.

ஆயின், ஓர் எண் எல்லாக் காற்றுக்கும் எல்லா நீருக்கும் பொருந்துமா? நீரைப் பிளந்து செல்லும் கனத்த படகின் வேகம் அதன் நீர்மட்ட நீளத்தால் கட்டுண்டது. காற்று எவ்வளவு வலுத்தாலும் அவ்வரம்பை அது பெரிதும் மீறாது. இலேசான படகோ வலுத்த காற்றில் நீரின்மேல் எழுந்து சறுக்கிப் பறக்கும். அன்று கனத்த படகுக்கு எந்த எண்ணும் போதாது.

நீரோட்டத்தின் கொடுமை இன்னும் பெரிது. ஒரு படகின் வேகம் 6 நாட், மற்றொன்றின் வேகம் 4 நாட் எனக் கொள்வோம், விகிதம் ஒன்றரை. எண்களும் அவ்விகிதத்திலேயே அமைந்திருக்கும். எதிரே 2 நாட் நீரோட்டம் வந்தால், அவை உண்மையில் முன்னேறும் வேகம் 4, 2 என்றாகும், விகிதம் இரண்டு. மெதுவான படகு இருமடங்கு நேரம் எடுக்க, கணக்கர் ஒன்றரை மடங்குக்கே ஈடு தருகிறார். எஞ்சிய இழப்பை யார் ஏற்பது?

நானறிந்த ஒரு கழகத்தில் இதுவே நிகழ்ந்தது. லேசர்கள் கரை சேர்ந்தபின் காற்று ஓய்ந்தது, ஓதமும் திரும்பியது. ஆப்டிமிஸ்டில் இருந்த சிறுவர்கள் முடிவுக்கோட்டைக் கண்ணெதிரே கண்டும் நெருங்க இயலாமல் தவித்தனர். முறையிட்ட பெற்றோருக்குக் கிடைத்த விடை: “இது இங்கிலாந்துப் பட்டியல், நாம் கைவைக்கக் கூடாது.” என்னே அறியாமை! பட்டியலை வெளியிடும் பிரிட்டனின் அரச பாய்ப்படகுச் சங்கமே, அதனை வழிகாட்டியாகக் கொண்டு தத்தம் கழகப் பதிவுகளின்படி எண்களைத் திருத்திக்கொள்ளுமாறு கூறுகிறது. அங்குள்ள குளிர்காற்றில் கணித்த எண், பருவக்காற்று மாறும் மாதங்களில் எண்ணெய்போல் அசைவற்றுக் கிடக்கும் ஜொகூர் நீரிணைக்கும், திடீரென வீசும் ‘சுமத்ரா’ச் சூறைக்கும் அப்படியே பொருந்தும் என்பது எந்த நியாயம்?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “இவர் வாரந்தோறும் வெல்கிறார், இவர் எண்ணைக் குறை, அவர் பாவம், அவர் எண்ணைக் கூட்டு” என்று கூடிப் பேசும் குழுக்களைக் கண்டிருக்கிறேன். போர்ட்ஸ்மத் எண், நன்கு செலுத்தப்படும் படகைக் குறித்தது. பாயைக் காற்றுக்கேற்ப இழுக்கவும் தளர்த்தவும் ஆண்டுக்கணக்கில் பழகியவனிடம் அப்பழக்கத்துக்குத் தண்டம் வசூலிப்பதா? ஆசிரியப் பெருமக்கள் அறிவர்: கடினமான வினாத்தாளுக்காக வகுப்பு முழுமைக்கும் மதிப்பெண் சீர்செய்வது வேறு, முகம் பார்த்து மதிப்பெண் போடுவது வேறு. புதியவரை ஊக்க வேண்டுமாயின் தனிப் பரிசு வையுங்கள், அதற்குத் தனிப் பெயரும் இடுங்கள்.

‘எண்ணைத் திருத்தும் உரிமை தந்தால் குழு தன் வேண்டியவர்க்குச் சலுகை காட்டுமே’ என்பர் சிலர். நியாயமான அச்சமே. பெரும் படகுகளுக்குரிய ஐ.ஆர்.சி. முறையில் கணக்கு வாய்பாடே மறைத்து வைக்கப்படுகிறது. காரணம் உண்டு. 1970களில் ஓங்கியிருந்த ஐ.ஓ.ஆர். விதி வெளிப்படையாக இருந்ததால், அளவெடுக்கும் இடங்களில் மட்டும் படகின் உடலைப் புடைக்கச் செய்து விதியை ஏய்த்தனர் வடிவமைப்பாளர். ஆனால் லேசரையும் ஆப்டிமிஸ்டையும் யாரும் அவ்வாறு புடைக்கச் செய்ய இயலாது. அவற்றின் வடிவம் வகுப்பு விதியால் உறுதி செய்யப்பட்டது. எனவே இங்கே மறைப்பதற்கு எதுவுமில்லை.

ஒவ்வொரு பந்தயத்தின் நேரத்தையும், காற்றின் வலிமையையும், ஓதத்தின் போக்கையும் பதிவேட்டில் எழுதுங்கள். திருத்திய எண்களைப் பருவத்தின் முதற் பந்தயத்துக்கு முன்பே, காரணத்தோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்; இடையில் மாற்றாதீர்கள். எண்களில் பெரிதும் வேறுபட்ட படகுகளைத் தனித்தனிக் கூட்டமாகப் புறப்பட விடுங்கள். நீரோட்டம் கடுமையாகும் நாளில் பந்தய வழியைச் சுருக்குங்கள். கடைசிச் சிறுவன் ஓதம் திரும்புமுன் கரை சேரட்டும்.