எனக்குக் காபி பிடிக்கும்

மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டியில், படகுத்துறைக்குக் கொஞ்சம் மேலே ஒரு தோட்டத்து வீடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி, வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயும் மிளகு. அந்த வீட்டுப் பெண் சமவெளியில் பி.காம். படிக்கிறாள். மைனராக, அதாவது துணைப்பாடமாக, எடுத்திருப்பது ஸ்பானிஷ். போன வாரம் அங்கே போனபோது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கலங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஒரு பாடம் மட்டும் ஏறவே மாட்டேங்குதுங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதிய ஸ்பானிஷ் இலக்கணம். 'நான் காபியை விரும்புகிறேன்' என்ற ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாக்கி, 'காபி எனக்கு மகிழ்ச்சி தருகிறது' என்று மாற்றிக்கொண்டு, பிறகு ஸ்பானிஷில் எழுத வேண்டுமாம். இரண்டு பக்கத்துக்கு விளக்கம், அம்புக்குறி, எச்சரிக்கைப் பெட்டி.

"ஆங்கிலத்தை விடு கண்ணு. காபி பிடிக்கும்னு உங்க அப்பாயி எப்படிச் சொல்வாங்க?"

"எனக்குக் காபி பிடிக்கும்னு."

"அவ்வளவுதான். மே குஸ்தா எல் கஃபே. 'மே'ன்னா எனக்கு. 'குஸ்தா' பிடிக்கும். 'எல் கஃபே' காபி."

புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே கேட்டாள்: "அப்போ, எனக்குத் தலை வலிக்குதுன்னா?"

மே துவேலே லா கபேசா. எனக்கு, வலிக்கிறது, தலை. சொற்கள் நிற்கும் வரிசைதான் வேறு, அச்சு ஒன்றே. 'நான்' வர வேண்டிய இடத்தில் 'எனக்கு' வருவது ஆங்கிலத்துக்கு அதிசயம். நமக்கு அது அன்றாடப் பேச்சு. பழங்கள் என்று பன்மை வந்தால் 'குஸ்தான்' ஆகும், அது ஒரு நிமிடப் பாடம்.

இப்படி எத்தனையோ. பேசுகிறேன், பேசுகிறாய் என்று வினையின் வாலிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் ஆப்லோ, ஆப்லாஸ் என்று அதையே செய்கிறார்கள், 'நான்' சொல்லத் தேவையில்லை. நீ, நீங்கள் என்பதற்கு தூ, உஸ்தேத். 'அவள் ஆசிரியை' என்பதில் நாம் வினையே வைப்பதில்லை, 'அவள் வீட்டில் இருக்கிறாள்' என்பதில் வைக்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லால் முடிக்கும் இந்த இரண்டையும் ஸ்பானிஷ் செர், எஸ்தார் எனப் பிரிக்கிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் முதல் படி ஏற இது போதும்.

ஒலியில்தான் எனக்கு அதிக வியப்பு. 'கல்' என்பதில் க வல்லொலி, 'அகல்' என்பதில் அதே எழுத்து குழைகிறது. ஸ்பானிஷிலும் சொல்லின் முதலில் அழுத்தமாக ஒலிக்கும் சில எழுத்துகள், இரண்டு உயிர்களுக்கு நடுவே இளகிவிடும். ஏரிக்கு அவர்கள் சொல்லும் 'லாகோ'வில் வருவது 'அகல்' என்பதன் க. 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நாதா'வில் வருவது 'அது' என்பதன் த. நம் நாக்குக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதைத்தான் மனப்பாடம் செய்தாக வேண்டும். அஃறிணையில் ஆண் பெண் பார்க்காத நமக்கு அது சிரமம்தான்.

வயிறு எரிந்து ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் ஒரு மாலை வகுப்பில் நான் ஸ்பானிஷ் படித்தேன். என் பக்கத்தில் இருந்த தமிழ்வழிப் பையனிடம், முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு வா என்றார்கள். மறு வாரம் அவன் வரவில்லை. அவனுக்கு வராதது ஸ்பானிஷ் இல்லை. வழியில் நின்ற இன்னொரு மொழி.

யுஜிசியின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்று ஆண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் மைனருக்கு 24. ஐந்தில் ஒரு பங்கு. அதைக் கொடுத்து இந்தப் பெண் தேர்ந்தெடுத்தது ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழியை. காபி விளையும் கொலம்பியாவும் பெருவும் பேசும் மொழியை. அவள் தோட்டத்துக் கொய்யாவும் பப்பாளியும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கொய்யாவை அங்கே குவாயாபா என்பார்கள். பப்பாளி அங்கேயும் பப்பாயாதான். அப்படிப்பட்ட மொழியை ஏன் அவள் ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் எட்டிப் பார்க்க வேண்டும்? மார்க்வெஸ் ஸ்பானிஷில் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவல்கூட நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. அதைத் தமிழாக்கிய சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் பட்ட பாட்டுக்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்பாளர் இப்படியொரு மைனர் வகுப்பிலிருந்து நேராக வரலாம். அதற்குத் தமிழில் விளக்கும் ஸ்பானிஷ் இலக்கணம் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்க வேண்டும். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது அதன் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

வெயில் சாய்ந்ததும் அப்பாயி மிளகை வார வந்தார். குனிய முடியாமல் திண்ணையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முழங்கால் வலிக்குது சாமி" என்றார்.

பெண் போனில் ஒரே ஒரு சொல்லைத் தேடினாள். "மே துவேலே லா ரோதியா" என்று நோட்டில் எழுதினாள், பக்கத்தில் அப்பாயி சொன்னதை அப்படியே தமிழில் எழுதினாள். பிறகு அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, தார்ப்பாயின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.