துப்பாக்கிக்கு எண் உண்டு, கைக்கு இல்லை

துப்பாக்கியின் உலோகத்தில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை ஏந்திய கையில் அப்படி எந்த எண்ணும் இல்லை. இந்த எளிய உண்மையை மறந்துவிட்டே அமெரிக்க மேற்கின் எல்லைப்புற வீரர்கள் ஏந்தியவை எனப்படும் ஆயுதங்களுக்குப் பெருஞ்சந்தை ஒன்று நடந்துவருகிறது. மறந்தவர்கள் விற்பவர்கள் மட்டுமல்லர். அருங்காட்சியகங்களும் நூலாசிரியர்களும் உடன் சேர்ந்தே மறந்திருக்கிறார்கள் என்பது நமது குற்றச்சாட்டு.

சான்று என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில், பில்லி த கிட் என்ற இளைஞனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்டுக்கொன்றார். அந்தக் கோல்ட் கைத்துப்பாக்கி 2021 ஆகஸ்டில் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது காரெட்டிடமிருந்து எல் பாசோ நகரின் மதுக்கடைக்காரர் டாம் பவர்ஸிடம் சென்றது. பவர்ஸ் மறைந்தபின், காரெட்டின் மனைவி அபொலினாரியா 1930களில் நீதிமன்றம் ஏறி அதை மீட்டார். இரு தரப்பு மோதிய வழக்கில் பிறந்த ஆவணம் அது. விற்பவர் தம் வசதிக்கு எழுதிக்கொண்ட கடிதம் அன்று.

பிற துப்பாக்கிகளுக்கு இத்தகைய சான்று கிடைப்பது அரிது. கோல்ட் நிறுவனம் தன் பழைய பேரேடுகளைப் பார்த்துக் கடிதம் தரும். இன்ன எண்ணுள்ள துப்பாக்கி இன்ன நாளில் இன்ன வணிகருக்கு அனுப்பப்பட்டது என்பதோடு அக்கடிதம் பெரும்பாலும் முடிந்துவிடும். வணிகரின் கடையிலிருந்து வீரனின் இடுப்புவரை உள்ள தூரத்தைக் கடப்பது எதைக் கொண்டு? "தாத்தா சொன்னார்" என்று பேரன் தரும் உறுதிமொழிப் பத்திரத்தைக் கொண்டு. பேரன் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. அவர் அதை நம்புகிறார் என்பதற்கு மட்டுமே அப்பத்திரம் சான்று. நடந்தது என்பதற்கு அன்று.

கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பன்ட்லைன் துப்பாக்கி போதும். நெட் பன்ட்லைன் என்ற மலிவுக்கதை எழுத்தாளர் 1876இல் வயட் எர்ப் உள்ளிட்ட ஐந்து காவலர்களுக்கு நீண்ட குழல் கொண்ட கோல்ட் துப்பாக்கிகளைப் பரிசளித்தார் என்று ஸ்டூவர்ட் லேக் 1931இல் எழுதினார். அப்படி ஒரு பரிசுக்குச் சமகாலச் சான்று ஏதும் கிட்டவில்லை. ஆனால் எர்ப் தொலைக்காட்சித் தொடராகிப் புகழ்பெற்றதும், 1957இல் கோல்ட் நிறுவனமே 'பன்ட்லைன் ஸ்பெஷல்' என்ற பெயரில் துப்பாக்கி செய்து விற்கத் தொடங்கிற்று. பொருளிலிருந்து கதை பிறப்பது இயல்பு. இங்கே கதை பொருளைப் பெற்றது.

செல்வர்களின் விளையாட்டு, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் வரலாற்றுக்குத்தான். 1876 ஜூன் 25இல் கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் தீ பரவிப் புல் எரிந்தது. அடுத்த இரு ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அங்கே தேடி, தோட்டா உறைகள் கிடந்த இடங்களைத் துல்லியமாகக் குறித்தார்கள். உறையின் அடியில் சுடுமுள் பதித்த தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்று கண்டார்கள். லகோட்டா, செயன் வீரர்களிடம் தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்ததையும், படையினரின் ஸ்ப்ரிங்ஃபீல்டோ ஒவ்வொரு முறையும் தோட்டா இட்டுச் சுடுவதாக இருந்ததையும் அந்த உறைகள் மண்ணிலிருந்தே உரைத்தன. அவற்றை யாரேனும் நினைவுப்பொருளாகப் பொறுக்கிச் சென்றிருந்தால் இந்தச் சாட்சியம் ஊமையாகியிருக்கும். இடம் பெயர்ந்த சான்று, ஏடு கிழிந்த சுவடி போன்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தை பெயருக்கு விலை வைக்கிறது. ஆகவே ஷெரிஃபுகளும் கொள்ளையரும் தளபதிகளும் மீண்டும் மீண்டும் பெயர் பெறுகிறார்கள். அக்களத்தில் வென்ற பழங்குடி வீரர்களில் எத்தனை பேரின் துப்பாக்கிக்கு இப்படிப் பெயர் சூட்டினார்கள்?

நமது கோரிக்கை பெரிதன்று. நிறுவப்பட்டது எது, சொல்லப்படுவது எது என்று ஏலப் பட்டியலும் காட்சிக்கூடக் குறிப்பும் தனித்தனியே அச்சிடட்டும். இது இயலாத காரியமன்று. 2014இல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஜூனிபர் மரமொன்றில் சாய்ந்தபடி ஒரு வின்செஸ்டர் 1873 துப்பாக்கி கிடைத்தது. அது 1882இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று பேரேடு சொன்னது. சாய்த்து வைத்தவர் யார், ஏன் திரும்பி வரவில்லை என்பது எவர்க்கும் தெரியாது. பூங்கா நிர்வாகம் அதன்மேல் எந்த வீரனின் பெயரையும் ஒட்டவில்லை. அந்த நேர்மையே நாம் மற்றவர்களிடம் கேட்பது.