பெயர் மாறினால் போதுமா?

1946ல் ரேடியோ மலாயா ஆரம்பமாயிற்று. அதன் வழிவந்த தமிழ் வானொலி, ஆறாம் வானொலி என்று வழங்கி, 2005ல் மின்னல் எஃப்.எம். ஆயிற்று. பெயர் மாறிற்று, பாட்டு மாறிற்றா?

தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் கேட்கும் வானொலிகள் பழைய பாட்டு, புதுப் பாட்டு, நேயர் விருப்பம் என்று பந்தி பல போடுகின்றன. பானை பெரும்பாலும் ஒன்றே. அது கோடம்பாக்கத்துச் சினிமாப் பானை.

"ஜனங்கள் விரும்புவது அதைத்தானே?" என்பாருமுளர். விருப்பம் தானே முளைப்பதன்று. பழகியதையே காது விரும்பும். 2006ல் இந்நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மறு ஆண்டே யோகி பியின் குரல் 'பொல்லாதவன்' படத்தில் ஒலித்தது. நம் வீட்டுப் பிள்ளைக்குக் கோடம்பாக்கம் இலை போட்டது. நாமோ வாசலில் நிறுத்துகிறோம்!

தடையன்று நாம் வேண்டுவது. 1952ல் இந்திய மந்திரி கேஸ்கர் அரசாங்க ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். நேயர்கள் ரேடியோ சிலோனை நாடி ஓடினர். நாம் வேண்டுவது பங்கு. ஜனங்கள் வேலைவிட்டு வீடு திரும்பும் அந்திப் பொழுதில் நாள்தோறும் ஒரு மணி நேரம் இந்நாட்டுப் பாட்டுக்கு வேண்டும், நள்ளிரவில் அன்று.

தோழர்களே! அடுத்த முறை நேயர் விருப்பத்தில் உள்நாட்டுப் பாட்டொன்றைக் கேளுங்கள். நாம் கேளாத பாட்டை எவன் போடுவான்?