பெயருக்கு மட்டும் பூட்டு



போன மாதம் பழைய மாணவர் சந்திப்பில் எனக்குச் சால்வை போர்த்திய பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. "நீலகிரித் தோடர் டிசைன் டீச்சர்" என்றீர்கள். வீட்டில் வந்து தடவிப் பார்த்தேன். தையலே இல்லை. மெஷினில் அச்சடித்தது.

உங்களில் ஒருவரிடம் போனில் சொன்னேன். "அவங்களுக்குத்தான் புவிசார் குறியீடு கிடைச்சிருச்சே டீச்சர், அப்புறம் என்ன?" என்றார். அந்த "அப்புறம் என்ன"வுக்குத்தான் இந்தப் பதிவு.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் காப்பது பெயரை. போலியைத் ‘தோடர் எம்பிராய்டரி’ என்று விற்றால் வழக்குப் போடலாம். அதே பூவேலையை அச்சடித்து ‘எத்னிக் சால்வை’ என்று விற்றால் பிடிப்பது கஷ்டம். 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவத்தை மட்டும்தான் பதிவு செய்யும், அதுவும் அதிகபட்சம் 15 வருடத்துக்கு. பாட்டிக்குப் பாட்டி தைத்தது எப்படிப் புதிதாகும்? பதிப்புரிமைச் சட்டத்திடம் போனால், படைத்தவர் யார் என்று ஆள் பெயர் கேட்கும். ஒரு சமூகமே படைத்தது என்றால் அதற்குக் கணக்கு உதைக்கும்.

அந்தப் பெண்கள் துணியில் பென்சில் கோடுகூடப் போடுவதில்லை. இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். ஒரு பூத்துக்குளி முடிய வாரக்கணக்கில் ஆகும். அவர்களில் ஒருவர் இறந்தால் உடலைச் சுற்றுவதும் அந்தப் போர்வையால்தான். மொத்தமே சுமார் 2,000 பேர் உள்ள சமூகம், அச்சு மெஷினோடு விலையில் எப்படிப் போட்டி போடும்?

கலை எல்லோருக்கும் பொது என்று சிலர் தத்துவம் பேசுவார்கள். அந்தக் கம்பெனி தன் லோகோவைப் பொதுவில் விடுமா? விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோடர்களே பையும் சால்வையும் தைத்து விற்கிறார்கள். கேட்காமல் எடுத்து, காசையும் தராமல் போவதுதான் திருட்டு.

பாரம்பரிய மூலிகை அறிவை வைத்துச் சம்பாதிப்பவர் பலனில் பங்கு தர 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தில் வழி இருக்கிறது. பூவேலைக்கு ஏன் இல்லை? சமூகத்தையே உரிமையாளராக ஏற்று, காலவரம்பு வைக்காத தனிச்சட்டம் வேண்டும்.

என்னிடம் படித்து வக்கீலானவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். யாருக்கு, எப்படி மனு எழுதலாம் என்று கீழே சொல்லுங்கள். சால்வை என் மேஜைமேல்தான் கிடக்கிறது. சாட்சிக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.